யாவர்க்குமாம் நான்கு: அன்றாட அறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமந்திரத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. பெரும்பாலான பதிப்புகளில் 252-ஆம் பாட்டு.

யாவர்க்கும் ஆம்இறை வற்குஒரு பச்சிலை
யாவர்க்கும் ஆம்பசு வுக்குஒரு வாயுறை
யாவர்க்கும் ஆம்உண்ணும் போதுஒரு கைப்பிடி
யாவர்க்கும் ஆம்பிறர்க்கு இன்னுரை தானே

இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்த் தீனி, உண்ணும் முன் அடுத்தவருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் இனிய பேச்சு. இந்த நான்கும் எல்லோராலும் முடியும் என்கிறார் திருமூலர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஆத்திசூடியும் குறளும் சொல்லித்தருகிறேன். அவர்களைக் கூட்டிவரும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிமார் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்தப் பாட்டில்தான் வந்து நிற்கும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன்.

இவ்வளவு சின்ன விஷயங்களெல்லாம் அறம் ஆகுமா?

ஆகும். "யாவர்க்கும் ஆம்" என்று நாலு அடியிலும் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். பணம் இருந்தால்தான் தருமம் செய்யலாம் என்று ஏழை ஒதுங்கிப் போய்விடக் கூடாது. கோயில் கட்டினேன், குளம் வெட்டினேன் என்று பணக்காரர் அன்றாடக் கடமையிலிருந்து தப்பித்துவிடவும் கூடாது. ரெண்டு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற பாட்டு இது.

சமணர் பாடிய நாலடியாரும் இதையே சொல்கிறது. "இம்மி அரிசித் துணையானும் வைகலும் நும்மில் இயைவ கொடுத்துண்மின்." மிகச் சிறிய அரிசி அளவாவது, தினமும், உங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு உண்ணுங்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது "வைகலும்", அதாவது தினமும் என்பது. வருஷத்துக்கு ஒரு நாள் பிறந்தநாள் என்று ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுவது நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மற்ற 364 நாளும் கை நீளாமல் இருந்தால் பழக்கம் வராது. பழக்கமாகாத அறம் அவசர நேரத்தில் கைகொடுக்காது.

சங்க காலத்துப் புலவர் பெருஞ்சித்திரனார் வறுமையில் கிடந்தவர். குமண வள்ளலிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வீடு வந்ததும் மனைவியிடம் சொன்னது புறநானூற்றில் 163-ஆம் பாட்டாக இருக்கிறது. உன்னை நாடி வந்தவர், நீ நாடிப் போனவர், நம் பசி தீரக் கடன் கொடுத்தவர், யாராயிருந்தாலும் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக் கேட்டுக்கொண்டும் நிற்காதே, நாம் வளமாக வாழலாம் என்று சேர்த்தும் வைக்காதே, "எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழ வோயே." நேற்றுவரை பட்டினி கிடந்த வீடு அது.

பச்சிலை மட்டும் போதுமா? பெரிய பூஜை, பரிகாரம் எல்லாம் செய்ய வேண்டாமா?

வசதி இருந்து, மனசும் விரும்பினால் செய்யுங்கள். கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். வாசலில் முளைத்த அருகம்புல்லைப் பிள்ளையாருக்கு வைக்கலாம். தொட்டியில் வளரும் துளசியில் ரெண்டு இலை போதும். பகவத் கீதையும் இலை, பூ, பழம், தண்ணீர் என்று நான்கைத்தான் சொல்கிறது. சாக்கிய நாயனார் புத்தத் துறவியின் கோலத்தில் இருந்துகொண்டே தினமும் சிவலிங்கத்தின் மேல் ஒரு கல்லை அன்போடு எறிந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் மறந்து சாப்பிட உட்கார்ந்தவர், நினைவு வந்ததும் பதறி எழுந்து ஓடினார் என்கிறது பெரியபுராணம். கல்லையே ஏற்றுக்கொண்டவர் உங்கள் இலையைத் தள்ளுவாரா?

குறள் இன்னும் கறாராகப் பேசும். "மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்துஅறன் ஆகுல நீர பிற." மனசு சுத்தமாக இருப்பதுதான் அறம், மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம். பரிகாரத்துக்கு என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் போகும் முன் இந்தக் குறளை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். பசுவுக்கு எங்கே போவது?

பசுதான் என்று இல்லை. ஆசாரக்கோவை என்ற பழைய ஒழுக்க நூல், விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் இவர்களுக்குக் கொடுக்காமல் ஒழுக்கம் தவறாதவர்கள் உண்ண மாட்டார்கள் என்று ஒரு பட்டியலே போடுகிறது. மாடியில் காக்கைக்கு ஒரு பிடி சோறு, கோடையில் அகலமான மண்சட்டியில் தண்ணீர், இது போதும். தண்ணீரைத் தினமும் மாற்றிச் சட்டியையும் தேய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

பசுவுக்குக் கொடுப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பூஞ்சை பிடித்த சாதத்தையும் கெட்டுப்போன பலகாரத்தையும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தெருவில் வைப்பது புண்ணியம் ஆகாது. மாடு பையோடு விழுங்கிவிடும். நல்ல சோறும் பொங்கலுமே அளவுக்கு மீறிப் போனால் மாட்டின் வயிற்றில் புளிப்பேறி, வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுப் பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு கட்டு அகத்திக்கீரை அல்லது புல் வாங்கிக் கொடுங்கள். "ஒரு வாயுறை" என்று அளவோடுதான் பாட்டும் சொல்கிறது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதும் அப்படித்தான். மூட்டை மூட்டையாகக் கொட்டினால் தண்ணீர் நாறிப்போகும்.

பிடி அரிசி வைப்பது என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

மூன்றாவது அடியை அப்படியே வீட்டு வழக்கமாக்கியதுதான் பிடி அரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது, களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவது. காஞ்சி மகாபெரியவர் இதை வீட்டுக்கு வீடு வற்புறுத்தி, சேர்ந்த அரிசியை ஏழைகள் சாப்பிடும்படி செய்தார். அவர் பெயரால் இன்றும் பல ஊர்களில் பிடி அரிசித் திட்டம் நடக்கிறது.

ஒரு கைப்பிடி 40, 50 கிராம் வரும். மாதம் முடியும்போது ஒரு வீட்டில் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை சேரும். பத்து வீடு சேர்ந்தால் ஒரு சிறு குடும்பத்துக்கு மாத அரிசி வந்துவிடும்.

செய்கிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நீங்கள் சாப்பிடுகிற அரிசியிலிருந்துதான் எடுக்க வேண்டும். தருமத்துக்கு என்று மட்டமான அரிசியைத் தனியாக வாங்கி வைத்தால் முழுக் காரியமும் கெட்டது. டப்பாவில் ரெண்டு காய்ந்த மிளகாயோ ஒரு கொத்து உலர்ந்த வேப்பிலையோ போட்டு வைத்தால் வண்டு பிடிக்காது. மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அதன் கையால் போடச் சொல்லுங்கள். அதன் கைப்பிடி சின்னதாக இருக்கும், பரவாயில்லை.

எங்கே கொடுப்பது? அன்னதானம் நடக்கும் கோயில், முதியோர் இல்லம், ரமலான் மாதமானால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடம், எல்லாவற்றுக்கும் முதலில் உங்கள் தெருவில் வேலை இழந்து உட்கார்ந்திருக்கும் வீடு. அந்த வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் இருட்டின பிறகு போய், அம்மா கொடுத்தனுப்பினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாசலில் நின்று நலம் விசாரிக்க அது நேரமில்லை.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்க ஆசை. பெரிய செலவு ஆகுமா?

ஆகாது. நிழலும் பானையும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். இதற்கு நமக்கு வழிகாட்டி திங்களூர் அப்பூதி அடிகள். திருநாவுக்கரசரை நேரில் பார்க்காமலே அவர்மேல் பக்தி கொண்டு, பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தார். தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர். வழிப்போக்கராக வந்த அப்பர் பந்தலில் தம் பெயரைப் பார்த்துத்தான், இதை வைத்தவர் யார் என்று விசாரித்தார். உங்கள் பெயரைப் போட்டு பேனர் வைக்க வேண்டும் என்று தோன்றும்போது அப்பூதியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தல் அவருடையது, பெயர் இன்னொருவருடையது.

புதுப் பானையை முதலில் ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். மணல் பரப்பி அதன்மேல் வைத்து, மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். சின்ன முடிச்சு வெட்டிவேர் போடலாம். மூடி அவசியம், நீளக் காம்புள்ள கரண்டியும் அவசியம். டம்ளரோடு கையைப் பானைக்குள் விடுவதால்தான் வியாதி பரவுகிறது. தினமும் காலையில் பானையைக் கவிழ்த்துக் கழுவ ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். திறப்பு விழா நடத்தி, பத்தாம் நாள் பாசி பிடித்துக் கிடக்கும் பந்தல்களை எத்தனையோ ஊரில் பார்க்கிறோம். சித்திரை, வைகாசி முழுக்கக் கழுவ முடியாது என்றால், வாரத்தில் ஒருநாள் நீர்மோர் கொடுங்கள். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை போட்ட மோர், உப்பு கொஞ்சம் தூக்கலாக. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த உப்பு வேண்டும்.

கை நீட்டுகிறவர் உண்மையிலேயே ஏழையா என்று தெரியவில்லையே?

பசிக்கிறது என்று சொன்னால் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். அதற்கு விசாரணை வேண்டாம். மணிமேகலை "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்கிறது. உண்டி என்று வரும்போது யார், எவர் என்று அந்தக் காவியம் கேட்பதில்லை. வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோதும் சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல் சோறு போட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசியால் வாடுகிற முகத்தைப் பார்த்தபின் அவன் உழைப்பாளியா சோம்பேறியா என்று நாம் யோசிக்க ஆரம்பித்தால், அந்த யோசனை முடிவதற்குள் அவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான்.

பணம் வேறு விஷயம். பணம் கேட்டால் ஆளைப் பார்த்து, நிலைமையைப் பார்த்துக் கொடுங்கள். குழந்தைகளை வைத்துப் பிச்சை எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் பணம் கொடுக்காதீர்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கொடுக்க முடியாவிட்டால் முகத்தைப் பார்த்து "இப்ப இல்லைங்க" என்று சொல்லுங்கள். ஆள் நிற்கிறதே தெரியாததுபோல் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கடன் வாங்கியாவது தருமம் செய்யலாமா? இளையான்குடி மாறநாயனார் விதைநெல்லையே கொடுத்தாரே?

மழை கொட்டும் இரவில் வந்த அடியாருக்காக, வயலில் அன்று விதைத்த நெல்லையே மாறநாயனார் வாரிக்கொண்டு வந்தார். படிக்கும்போது கண் கலங்கும். ஆனால் நாயன்மார் வரலாறு அன்பின் உச்சம் எதுவரை போகும் என்று காட்டுவதற்கு உள்ளது. சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு வள்ளுவர் வேறு கணக்கு வைத்திருக்கிறார்: "ஆற்றின் அளவறிந்து ஈக." அளவு பார்க்காத உதவி, இருக்கிற செல்வத்தையும் சீக்கிரம் அழித்துவிடும் என்று அதே அதிகாரத்தில் எச்சரிக்கிறார். ஔவையாரும் நல்வழியில், வரவுக்கு மேல் செலவானால் மானம் அழிந்து, மதி கெட்டு, போகிற திசையெல்லாம் கள்ளன் என்று பெயர் வாங்க வேண்டிவரும் என்கிறார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்து உபயம் எழுதுவதை எந்த அறநூலும் கேட்கவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்துவிடுகிறார். வேலைக்குப் போகும் வீட்டில் என்ன செய்வது?

இருப்பதைக் கொடுங்கள், முகத்தைச் சுளிக்காமல் கொடுங்கள். அனிச்சப்பூ முகர்ந்தால்தான் வாடும், விருந்தினர் நம் முகம் மாறினாலே வாடிவிடுவார் என்கிறது குறள்.

ஔவையார் தனிப்பாடல்களில் ரெண்டைச் சேர்த்துப் படியுங்கள். புல்வேளூர்ப் பூதன் அவருக்கு வரகரிசிச் சோறும், வழுதுணங்காய் வாட்டும், அதாவது கத்திரிக்காய் வதக்கலும், "முரமுரெனவே புளித்த மோரும்" போட்டான். ஏழைச் சாப்பாடு. இதற்கு உலகம் முழுவதையும் கொடுக்கலாம் என்று பாடினார். இன்னொரு வீட்டில் மனமில்லாமல் பரிமாறிய சோறு. "காணக்கண் கூசுதே கையெடுக்க நாணுதே" என்று தொடங்கி, எலும்பெல்லாம் பற்றி எரிகிறதே என்று முடித்துவிட்டார், "அன்பில்லாள் இட்ட அமுது" என்று.

இந்த ரெண்டாவது பாட்டைச் சொல்லும்போதெல்லாம் அந்த வீட்டம்மாவைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. கதைப்படி, மனைவியைக் கேட்காமல் ஔவையாரைக் கூட்டிவந்தவர் கணவர். நாள் முழுக்க உழைத்து வந்தவளிடம் திடீரென்று இன்னொரு வேளைச் சமையலைச் சுமத்திவிட்டு, அவள் முகம் மலரவில்லை என்று குறை சொன்னால் அது விருந்தோம்பல் ஆகாது. விருந்தைக் கூட்டிவந்தவர் அடுப்படிக்கும் வர வேண்டும். வெங்காயம் உரிக்கலாம், தோசை வார்க்கலாம், பாத்திரம் கழுவலாம். ரவை உப்புமாவும் ஒரு டம்ளர் மோரும் போதும். அப்புறம் உட்கார்ந்து அவரோடு பேசுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள்.

இனிய சொல் என்றால் எதற்கும் தலையாட்டுவதா? உண்மையைச் சொல்ல வேண்டாமா?

சொல்ல வேண்டும். வாய்மை எது என்று கேட்டுவிட்டு, தீமை ஒன்றும் இல்லாத சொல்தான் வாய்மை என்கிறார் வள்ளுவர். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வரும் என்று அடுத்த குறளில் சொல்கிறார். அதைச் சாக்காக வைத்துத் தன் தப்பை மறைக்கப் பொய் சொல்கிறவர்கள் உண்டு. "புரைதீர்ந்த நன்மை" என்ற நிபந்தனையை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நடைமுறையில் கேட்டால், தேர்வில் தவறிய பிள்ளையிடம் "நீ உருப்பட மாட்டே" என்பது உண்மையும் இல்லை, நன்மையும் இல்லை. "கணக்கில் இந்தப் பாடம் உனக்குப் பிடிபடவில்லை, நாளைக்கு உட்கார்ந்து பார்ப்போம்" என்பது உண்மை. கனி இருக்கும்போது காயைப் பறிப்பது ஏன் என்று குறள் கேட்பது இந்த இடத்தில்தான். ஆத்திசூடியில் "ஞயம்பட உரை" என்று ஒரு வரி வருகிறது. பக்கத்திலேயே "இடம்பட வீடு எடேல்", தேவைக்கு மேல் பெரிதாக வீடு கட்டாதே, என்று வருகிறது. பேச்சுக்கும் வீட்டுக் கடனுக்கும் ஔவையார் அடுத்தடுத்து யோசனை சொல்லிவிட்டார்.

வெளியில் எல்லோரிடமும் நன்றாகப் பேசுகிறேன். வீட்டில்தான் கோபம் வருகிறது. என்ன செய்வது?

என்னிடம் வருகிற கேள்விகளில் மிக அதிகமாக வருவது இதுதான். கேட்கிறவர்கள் உண்மையான வருத்தத்தோடு கேட்கிறார்கள்.

"செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்?" கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்கியவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? மேலதிகாரியிடம் பொறுமையாக இருப்பது பொறுமைக் கணக்கில் சேராது. அங்கே கத்தினால் வேலை போய்விடும், அதனால் அடங்குகிறோம். கோபம் செல்லுகிற இடங்கள் எவை? மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா அம்மா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஹோட்டலில் மேஜை துடைக்கும் பையன், பத்து நிமிஷம் தாமதமாக வந்த டெலிவரி தம்பி. திருப்பிப் பேச முடியாதவர்கள். நம்முடைய அறத்தை அளக்க இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

மாலையில் வீடு திரும்பும்போது கவனியுங்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் முதல் வார்த்தை வெளியே வந்துவிடும். "ஏன் லைட் எரியுது?", "இதை யார் இங்க வெச்சது?" அந்த முதல் வார்த்தையை மட்டும் மாற்றப் பாருங்கள். கை கால் கழுவி ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும்வரை எதையும் கண்டிக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் பலன் இருக்கிறது என்று சொல்கிறார்கள். நம் வீடுகளில் வெளியிலிருந்து வந்தவுடன் கால் கழுவும் வழக்கம் சுத்தத்துக்காக வந்தது, இதற்கும் உதவுகிறது. கண்டிக்க வேண்டியதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்டிக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம். தட்டின் முன் உட்கார்ந்த பிள்ளையைத் திட்டி அழவைத்தால், அந்தச் சோற்றை அது கண்ணீரோடுதான் விழுங்க வேண்டியிருக்கும்.

கத்திவிட்டோம், அப்புறம் வருத்தப்படுகிறோம். அப்போது பிள்ளையிடமானாலும் போய், "நான் கத்தினது தப்பு" என்று சொல்லிவிட வேண்டும். பெரியவர் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயத்துக்கு அறநூல்களில் எந்த ஆதரவும் இல்லை. அடி, உதை என்று போகிற கோபத்துக்கு இந்த அறிவுரையெல்லாம் போதாது. அங்கே பொறுத்துக்கொள் என்று பாதிக்கப்பட்டவரிடம் குறளைச் சொல்லக் கூடாது. அவர் உறவினரிடமோ, 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலோ, காவல் நிலையத்திலோ உதவி கேட்க நாம்தான் துணை நிற்க வேண்டும்.

செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது, போட்டோ எடுத்துப் போடுவது?

வேண்டாம். வாங்குகிறவர் முகம் தெரியும்படி போட்டோ போடவே போடாதீர்கள். அவருடைய பிள்ளை நாளைக்கு அதைப் பள்ளியில் பார்க்க நேரிடும்.

இந்த ஒரு விஷயத்தில் எல்லா மரபும் ஒரே குரலில் பேசுகிறது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், புண்படுத்துவது பின்தொடர்கிற தருமத்தைவிடக் கனிவான சொல்லும் மன்னிப்பும் மேல் என்கிறது. வலது கை செய்வதை இடது கை அறியாமல் இருக்கட்டும் என்கிறது மத்தேயு சுவிசேஷம். மனம் மகிழ்ந்து கொடுப்பதைவிட, முகம் மலர்ந்து இன்சொல் பேசுவது நல்லது என்கிறது குறள். சொல்லிக்காட்டும் கொடையைவிடக் கொடுக்காமலே பேசும் நல்ல வார்த்தை மேலானது என்பதில் குர்ஆனும் குறளும் சேர்ந்துகொள்கின்றன.

இப்படியெல்லாம் செய்தால் புண்ணியம் கிடைக்குமா?

ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பற்றிச் சங்கப் புலவர் முடமோசியார் பாடியதைக் கேளுங்கள். இந்தப் பிறவியில் செய்தால் அடுத்த பிறவிக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கும் "அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்." சான்றோர் போன வழி இது, அதனால் போகிறான், அவ்வளவுதான். புண்ணியம் கிடைக்கலாம், கிடைக்கட்டும். கணக்கு நோட்டு வைக்க வேண்டாம்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இந்தப் பாட்டு எனக்குப் பொருந்துமா?

முதல் அடியை விட்டுவிடுங்கள். மூன்று மிச்சம் இருக்கிறது.

பழைய நூலில் இருப்பதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டுமா? சாதி வேறுபாடும் அதில் வருகிறதே?

ஏற்க வேண்டியதில்லை. ஆசாரக்கோவையில் பெரியவர் உண்ணத் தொடங்கும் முன் நாம் தொடங்கக் கூடாது என்பது போன்ற நல்ல வழக்கங்களும் உண்டு, இன்றைக்கு ஒத்துவராத தீட்டுக் கணக்குகளும் உண்டு. பிரித்துப் பார்க்க அதே மரபில் உரைகல் இருக்கிறது: "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்."

சோறு போடுவதிலேயே நாம் பாகுபாடு செய்திருக்கிறோம். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் சில பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது பெரிய போராட்டமாக வெடித்தது. அன்னம் இட்ட கையே அவமானமும் இட்டது. இன்றும் ஒரே ஊரில் ஒரு சாராருக்குத் தனிப் பந்தி, வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் என்று வைத்திருக்கிற இடங்கள் உண்டு. அந்த வீட்டில் எத்தனை கைப்பிடி அரிசி சேர்ந்தாலும் அது திருமூலர் சொன்ன கைப்பிடி ஆகாது. அவர் "யாவர்க்கும்" என்றார். கொடுக்கிறவருக்கும் அந்தச் சொல் பொருந்தும், வாங்குகிறவருக்கும் பொருந்தும். தனி டம்ளர் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர் கொடுக்கக் கூடாதாமே?

அது வீட்டு வழக்கம். மேலே சொன்ன அறநூல்களில் எதிலும் நான் படித்ததில்லை. பக்கத்து வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்க உப்பு கேட்கிறார்கள் என்றால் உடனே கொடுங்கள். "இயல்வது கரவேல்", முடிந்ததை ஒளிக்காதே.

கடை வைத்திருக்கிறேன். எனக்கு என்று ஏதாவது?

"அஃகம் சுருக்கேல்." தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்று உயிரெழுத்து வரிசையின் கடைசியில் ஔவையார் உங்களுக்கென்றே வைத்திருக்கிறார். தராசைச் சரியாக வையுங்கள், காலாவதியான பாக்கெட்டைப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் தள்ளிவிடாதீர்கள். மாலையில் கோயிலுக்குக் கொடுக்கும் நன்கொடை அதற்குப் பிறகு.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது?

மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், சின்ன வயதில் நிற்பதுபோல் பிறகு நிற்காது. ஆனால் பரிசுக்காக 1330-ஐயும் ஒப்பிக்க வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. வாரத்துக்கு ஒரு வரி போதும். அந்த வரிக்கு அந்த வாரம் ஒரு வேலை கொடுங்கள். "ஐயம் இட்டு உண்" என்றால் பிடி அரிசி டப்பா பிள்ளையின் பொறுப்பு. "கண்டொன்று சொல்லேல்" என்றால் வகுப்பில் நடந்ததை வீட்டில் சொல்லும்போது பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், மற்றதைச் சேர்க்கக் கூடாது. "ஔவியம் பேசேல்", அதாவது பொறாமைப் பேச்சு பேசாதே, வரும் வாரம் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் காரில் யார் நகை கவரிங், எந்தச் சாம்பாரில் உப்பில்லை என்று பேச்சு ஓடும்போது, பின் இருக்கையில் இருக்கும் பிள்ளை அந்த வரியை எடுத்துச் சொல்லும். அப்போது "பெரியவங்க பேசும்போது நடுவில் பேசாதே" என்று அதட்டாமல், "ஆமாம்டா, விட்டுடறோம்" என்று பேச்சை நிறுத்திவிடுங்கள்.